வாஷிங்டன் என்ற பெயர் எஜமான் போட்ட முத்திரை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில் ஆங்கிலேயர்களின் குடும்பப்பெயர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எடுத்துக்கொண்ட விஷயம் நல்ல விஷயம், தமிழில் அதிகம் பேர் எழுதாத விஷயமும்கூட. ஆனால் வாஷிங்டன் என்ற பெயரைப் பற்றி அதில் வந்த பத்தியைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் என்று பெயர் உள்ள கறுப்பினத்தவர் எல்லோரும் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனின் அடிமைகளுடைய வாரிசுகள், மாட்டுக்குச் சூடு போடுவதுபோல எஜமான் அவர்கள்மேல் போட்ட முத்திரைதான் அந்தப் பெயர் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். இது சரித்திரப்படி தவறு. அதைவிட, அந்த மக்கள் தாங்களே செய்த ஒரு காரியத்தை அவர்களிடமிருந்து பிடுங்கி எஜமானின் கையில் கொடுப்பது பெரிய அநியாயம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இங்கிலாந்தின் வடகிழக்கில், வேர் ஆற்றுக்குப் பக்கத்தில், பழைய டரம் மாவட்டத்தில் வாஷிங்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது, இப்போது அது சண்டர்லேண்ட் நகராட்சிக்குள் வருகிறது. பிரான்ஸின் வடக்கிலிருந்து வந்த நார்மன்கள் 1066-ல் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன்பே, பழைய ஆங்கிலம் பேசிய காலத்திலேயே, யாரோ ஒரு நிலக்கிழாரின் பெயரை வைத்து 'இன்னாருடைய பண்ணை' என்ற பொருளில் ஏற்பட்ட ஊர்ப்பெயர் அது. அந்தக் காலத்து ஆங்கிலேயர்களுக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது, ஆளுக்கு ஒரு பெயர் அவ்வளவுதான். நார்மன்கள் வந்த பிறகு, நிலம் யாருக்கு, அது அப்பனுக்குப் பின் யாருக்குப் போகும் என்ற கேள்வி பெரிதானபோதுதான், முதலில் நிலக்காரர்கள், அப்புறம் மெதுவாக மற்றவர்கள் என்று, தலைமுறைக்குத் தலைமுறை மாறாத பெயரை வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். 1400 வாக்கில் பெரும்பாலான ஆங்கிலேயர்களுக்கு அப்படி ஒரு பெயர் வந்துவிட்டது.

1086-ல் வில்லியம் மன்னர் எடுத்த புகழ்பெற்ற நிலக்கணக்கில் டரம் இல்லை. அந்தப் பகுதியை டரம் பிஷப் கிட்டத்தட்ட ஒரு குட்டி ராஜா மாதிரி ஆண்டுகொண்டிருந்தார். அவருடைய ஆட்சியில் 1183-ல்தான் அங்கே நிலக்கணக்கு எழுதினார்கள், போல்டன் புத்தகம் என்று அதற்குப் பெயர். அதில்தான் நம் ஆள் வருகிறார். வில்லியம் டி ஹெர்ட்பர்ன் என்பவர் தன்னுடைய ஹெர்ட்பர்ன் கிராமத்தை பிஷப்பிடம் விட்டுக்கொடுத்துவிட்டு அதற்கு மாற்றாக வாஷிங்டனை வாங்கிக்கொண்டிருக்கிறார், ஆண்டுக்கு 4 பவுண்டு கட்ட வேண்டும், பிஷப் பெருவேட்டைக்குக் கிளம்பும்போது வேட்டை நாய்களோடு கூடப் போக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. கவனியுங்கள், அதுவரை அவர் ஹெர்ட்பர்ன்காரர். நிலம் மாறியதும் அந்தக் குடும்பம் வாஷிங்டன்காரர்கள் ஆகிவிட்டது, 'டி வெசிங்டன்' என்று எழுத ஆரம்பித்தார்கள், எழுத்து மட்டும் ஆளுக்கு ஒரு விதமாக இருந்தது. அதாவது உலகம் முழுக்கத் தெரிந்த அந்தப் பெயர் ஆரம்பத்தில் வெறும் விலாசம். வில்லியம் அந்த நிலமாற்றைச் செய்யாமல் இருந்திருந்தால் அமெரிக்கத் தலைநகரத்துக்கு இன்று ஹெர்ட்பர்ன் என்றுகூடப் பெயர் இருந்திருக்கலாம்.

அந்த ஊரில் அவர்கள் ரொம்ப காலம் இருக்கவும் இல்லை. 1400-ஐ ஒட்டி மூத்த கிளையில் ஆண் வாரிசு இல்லாமல் போய், பண்ணை கல்யாண வழியில் வேறு குடும்பத்துக்குப் போய்விட்டது. அந்த வம்சத்தில் வந்த ஜான் என்ற துறவி 1416 முதல் 1446 வரை டரம் பேராலயத்து மடத்தின் தலைவராக இருந்தார், பேராலயத்தின் சுற்றுமண்டபத்தில் இன்றும் அவர் நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. இதற்கிடையில் இன்னொரு கிளை மேற்கே லங்காஷயரில் வார்ட்டன் என்ற ஊரில் குடியேறியிருந்தது. அங்கிருந்து லாரன்ஸ் வாஷிங்டன் என்ற ஒருவர் தெற்கே நார்த்தாம்டனுக்கு வந்து கம்பளி வியாபாரத்தில் பணம் சேர்த்தார், அந்த நகரத்துக்கு மேயராகவும் ஆனார். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்து அவற்றின் நிலங்களை விற்றபோது, 1539-ல், சல்கிரேவ் பண்ணையை சுமார் 325 பவுண்டுக்கு வாங்கினார். அவர் கட்டிய வீட்டு முகப்பில் இன்றும் குடும்பச் சின்னத்தைப் பார்க்கலாம், இரண்டு பட்டை, அதற்கு மேலே மூன்று நட்சத்திரம்.

இந்த இடத்தில் உங்கள் கட்டுரையின் இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கொடியின் நட்சத்திரமும் பட்டையும் இந்தச் சின்னத்திலிருந்து வந்தவை என்று எழுதியிருக்கிறீர்கள். பலரும் சொல்லும் கதைதான், ஆனால் 1777-ல் கொடியைத் தீர்மானித்தவர்கள் இந்தச் சின்னத்தைப் பார்த்துச் செய்தார்கள் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. உண்மையில் இந்தச் சின்னத்திலிருந்து வந்தது வாஷிங்டன் நகரத்தின் கொடி, அதுவும் 1938-ல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இரண்டையும் போட்டுக் குழப்பிவிட்டீர்கள்.

அந்தக் குடும்பம் அமெரிக்காவுக்குப் போன கதை இன்னும் சுவாரசியமானது. சல்கிரேவ் லாரன்ஸின் வழிவந்த இன்னொரு லாரன்ஸ், ஆக்ஸ்ஃபோர்டில் படித்துப் பதவி வகித்தவர், எசெக்ஸில் பர்லி என்ற ஊரில் வசதியான திருச்சபையில் பாதிரியாராக இருந்தார். இங்கிலாந்தில் ராஜாவுக்கும் நாடாளுமன்றத்துக்கும் போர் நடந்தபோது, நாடாளுமன்றப் பக்கம் இருந்த பியூரிட்டன்கள் என்ற கறாரான கிறிஸ்தவப் பிரிவினர் 1643-ல் அவரை வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள். சாராயக் கடையிலேயே கிடக்கிறார் என்று குற்றம் சாட்டினார்கள், ஆனால் நிஜமான காரணம் அவர் ராஜா பக்கம் என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. பத்து வருஷத்துக்குள் வறுமையில் செத்துப்போனார். அப்பா பதவியோடு இருந்திருந்தால் மகன் ஜானும் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய் இன்னொரு கிராமத்துப் பாதிரியாராக ஆகியிருப்பார். அதற்கு வழியில்லாமல் கப்பல் வேலைக்குப் போனார். புகையிலை ஏற்றிக்கொண்டு லண்டனுக்குத் திரும்ப வேண்டிய கப்பல் 1657-ல் பொடோமாக் ஆற்றில் தரைதட்டியது. அதைச் சரிசெய்து மிதக்க விடுவதற்குள் ஜானுக்கு அந்த ஊர் பிடித்துவிட்டது, உள்ளூர் நிலக்காரரின் மகள் ஆன் போப்பைக் கல்யாணம் செய்துகொண்டு வர்ஜீனியாவிலேயே தங்கிவிட்டார். மாமனார் 700 ஏக்கர் கொடுத்தார். அந்த ஜானின் கொள்ளுப்பேரன்தான் 1732-ல் பிறந்த ஜார்ஜ்.

அந்த ஜானுக்கு இன்னொரு பெயரும் கிடைத்தது, அதையும் சொல்ல வேண்டும். 1675-ல் அவர் பூர்வகுடி மக்களான சஸ்குவஹானக்குகளுக்கு எதிராகப் படையோடு போனார், அவர்கள் அவருக்கு 'ஊர்களை அழிப்பவன்' என்ற பொருளில் கொனொடொகாரியஸ் என்று பெயர் வைத்தார்கள். சுமார் 80 வருஷம் கழித்து இளைஞன் ஜார்ஜ் பூர்வகுடி மக்களின் பகுதிக்குப் போனபோது அங்கிருந்தவர்கள் அதே பெயரால் அவரையும் கூப்பிட்டார்கள். 1779-ல் ஜார்ஜ் அனுப்பிய படை இரோகுவா என்ற பூர்வகுடிக் கூட்டமைப்பு மக்களின் ஊர்களை எரித்தது. 1790-ல் அந்தக் கூட்டமைப்பைச் சேர்ந்த செனிகா இனத் தலைவர்கள் ஜனாதிபதியான அவரிடம் நேரிலேயே சொன்னார்கள், உங்களை நாங்கள் ஊர்களை அழிப்பவர் என்றுதான் கூப்பிட்டோம், இன்றும் அந்தப் பெயரைக் கேட்டால் எங்கள் பெண்கள் முகம் வெளிறித் திரும்பிப் பார்க்கிறார்கள், குழந்தைகள் தாயின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார்கள் என்று. வாஷிங்டன் குடும்பத்தின் பெயர் வரலாற்றை எழுதும்போது டரம் பண்ணையை எழுதிவிட்டு இதை விட்டுவிடுவது சரியில்லை.

ஜார்ஜுக்குத் தன் வம்சாவளியில் பெரிய ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை. லண்டனில் குலச்சின்னங்களுக்கான தலைமை அதிகாரி ஐசக் ஹெர்ட் கடிதம் எழுதி விசாரித்தபோது, 1792-ல் எழுதிய பதிலில், இந்த விஷயத்தில் நான் அதிகம் கவனம் செலுத்தியதில்லை என்று சொல்லிவிட்டார். மூதாதையர் இங்கிலாந்தின் வடக்கு மாவட்டங்கள் ஏதோ ஒன்றிலிருந்து வந்தவர்கள் என்ற அளவில்தான் அவருக்குத் தெரிந்திருந்தது.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஜார்ஜுக்குக் குழந்தை கிடையாது, அதனால் அந்தப் பெயர் அவருடைய சகோதரர்கள், சித்தப்பா பெரியப்பா வழியில்தான் வளர வேண்டும். ஆனால் 2000-ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பில் வாஷிங்டன் என்ற குடும்பப்பெயரோடு இருந்தவர்கள் 1,63,036 பேர். அவர்களில் 100-க்கு 90 பேர் கறுப்பின அமெரிக்கர்கள். அவ்வளவு பேரும் அவருடைய மவுண்ட் வெர்னான் பண்ணையிலிருந்து வந்தவர்களா? கணக்கு உதைக்கிறது. 1799-ல் அவர் இறந்தபோது அந்தப் பண்ணையில் இருந்த அடிமைகள் 317 பேர். அவர்களில் அவருக்குச் சொந்தமானவர்கள் 123 பேர்தான். மனைவி மார்த்தாவின் காலத்துக்குப் பிறகு அவர்களை விடுவிக்க வேண்டும் என்று உயில் எழுதியிருந்தார், மார்த்தா அதுவரை காத்திராமல் 1801 ஜனவரி 1 அன்றே விடுவித்தார். மீதி பெரும்பாலோர் மார்த்தாவின் முதல் கணவர் குடும்பத்துச் சொத்து என்பதால் விடுதலை கிடைக்கவில்லை, பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு போய்விட்டார்கள்.

விடுதலையானவர்களும் எஜமானின் பெயரை அப்படியே ஒட்டிக்கொள்ளவில்லை. போர்க்களம் முழுக்க ஜார்ஜோடு கூடவே குதிரையில் போன அவருடைய சொந்தப் பணியாள் வில்லியமை எடுத்துக்கொள்ளுங்கள். 1768-ல் லீ என்ற குடும்பத்திடமிருந்து ஜார்ஜ் அவரை விலைக்கு வாங்கினார். கடைசி வரை அவர் வில்லியம் லீ என்றே இருந்தார், ஜார்ஜின் உயிலிலேயே அப்படித்தான் இருக்கிறது. இதற்கு நேர்மாறாக ஹாரி வாஷிங்டன். காம்பியா பக்கம் பிறந்து அடிமையாகப் பிடித்து வரப்பட்டவர், 1763-ல் ஜார்ஜ் வாங்கினார், மவுண்ட் வெர்னானில் குதிரைகளைப் பார்த்துக்கொண்டார். 1776-ல், 'எங்கள் பக்கம் வரும் அடிமைகளுக்கு விடுதலை' என்று அறிவித்திருந்த பிரிட்டிஷாரிடம் தப்பி ஓடினார். அதாவது எஜமான் சுதந்திரப் போருக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருக்கும்போது, ஹாரி அந்த எஜமானை எதிர்த்து நின்றவர்களோடு சேர்ந்து தன் சுதந்திரத்தைத் தேடிக்கொண்டார். போர் முடிந்து 1783-ல் நியூயார்க்கிலிருந்து கப்பலேறியவர்களின் பதிவேட்டில் அவர் ஹாரி வாஷிங்டன். கனடாவில் நோவா ஸ்கோஷியா போய், அங்கிருந்து 1792-ல் ஆப்பிரிக்காவில் சியரா லியோன் போய், 1800-ல் அங்கே நிலவரியை எதிர்த்துக் கிளர்ச்சி நடந்தபோது அதிலும் சேர்ந்து நாடு கடத்தப்பட்டார். எஜமானுக்கு அடங்கிப்போனதற்கு அடையாளமாக ஒருவர் அந்தப் பெயரை வைத்துக்கொண்டிருந்தால் இப்படி வாழ்ந்திருப்பாரா?

அடிமைகளின் பெயரை அரசாங்கக் காகிதங்கள் எப்படி நடத்தின என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இது முழுசாகப் புரியும். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கென்று தனிப் பட்டியல் இருந்தது, அதில் எஜமானின் பெயருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான், பெரும்பாலும் பெயரே எழுதவில்லை. கறுப்பின மக்கள் அனைவரையும் பெயர் சொல்லிப் பதிந்த முதல் கணக்கெடுப்பு 1870-ல் எடுத்தது. இன்று தன் முன்னோரைத் தேடும் கறுப்பின அமெரிக்கர்களுக்கு 1870 ஒரு சுவர் மாதிரி நிற்பது இதனால்தான். ஆனால் காகிதத்தில் இல்லை என்பதால் அவர்களுக்குக் குடும்பப்பெயரே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பல குடும்பங்கள் எஜமானுக்குத் தெரியாமல் தங்களுக்குள் ஒரு பெயரை வைத்திருந்தன, விற்கப்பட்டு ஆளுக்கு ஒரு திசையில் போனாலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஒருவரையொருவர் தேடின. 1865-ல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தபின், பள்ளியில், கல்யாணப் பதிவில், கூலி ஒப்பந்தத்தில், வங்கிக் கணக்கில் என்று எங்கே போனாலும் முழுப்பெயர் என்ன என்று கேட்டார்கள், அப்போதுதான் அவை வெளியே வந்தன. இல்லாதவர்கள் புதிதாக வைத்துக்கொண்டார்கள். சிலர் பழைய எஜமானின் பெயரை எடுத்தார்கள், அப்படி எடுத்தவர்கள் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. நிறையப் பேர் அதைத் தொடக்கூட விரும்பாமல் வேறு பெயர் தேடினார்கள். அப்படித் தேடியவர்களுக்கு, நாட்டின் முதல் ஜனாதிபதியின் பெயர் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் மட்டமாகப் பேச முடியாத பெயர்.

இதில் ஒருவர் தன் கதையைத் தானே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 1856-ல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர் புக்கர். விடுதலைக்குப் பிறகு மேற்கு வர்ஜீனியாவில் உப்பு உலையில் வேலை செய்துகொண்டே பள்ளிக்கூடம் போகிறார். ஆசிரியர் வருகை எடுக்கும்போது மற்ற பிள்ளைகள் எல்லோரும் இரண்டு பெயர், சிலர் மூன்று பெயர்கூடச் சொல்கிறார்கள். தனக்கு இருப்பது ஒன்றே ஒன்று. தன் முறை வருவதற்குள் யோசித்து வைத்துக்கொண்டு, ஏதோ பிறந்ததிலிருந்தே இருந்த பெயர் மாதிரி, அமைதியாக 'புக்கர் வாஷிங்டன்' என்றார். அவருடைய மாற்றாந்தந்தையின் முதல் பெயர் வாஷிங்டன், அங்கிருந்து எடுத்திருக்கலாம். அம்மா அவருக்கு டாலியஃபெரோ என்றும் பெயர் வைத்திருந்தார் என்பது பிறகு தெரிந்ததும் அதை நடுவில் சேர்த்து புக்கர் டி. வாஷிங்டன் ஆனார், கறுப்பின மாணவர்களுக்கான டஸ்கீகி கல்வி நிறுவனத்தை வளர்த்தார். தன் நாட்டில் தன்னைப்போலத் தானே தனக்குப் பெயர் வைத்துக்கொள்ளும் வாய்ப்பு பெற்றவர்கள் அதிகம் இல்லை என்று அவர் எழுதியிருக்கிறார். அந்தப் பிள்ளை வாயைத் திறந்து சொன்ன பெயரை, எஜமான் போட்ட முத்திரை என்று நாம் அச்சடிக்கலாமா?

அவருக்குப் பின்னால் எத்தனை பேர் வந்தார்கள்! தலைநகர் வாஷிங்டனின் முதல் கறுப்பின மேயர் வால்டர் வாஷிங்டன், 1967-ல் நியமிக்கப்பட்டு அப்புறம் 1974-ல் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர், ஓர் அடிமையின் கொள்ளுப்பேரன். 1983-ல் சிகாகோவின் முதல் கறுப்பின மேயர் ஹெரால்டு வாஷிங்டன். நடிகர் டென்ஸல் வாஷிங்டனை உங்கள் வாசகர்கள் எல்லோருக்கும் தெரியும்.

குடும்பப்பெயர்களை 'ஆங்கிலேயரின் சாதிப்பெயர்' என்று கட்டுரை சொன்னதையும் ஏற்க முடியவில்லை. ஸ்மித் என்றால் கொல்லர், டெய்லர் என்றால் தையற்காரர், சரிதான். ஆனால் கொல்லரின் மகன் வேறு தொழிலுக்குப் போனதும் ஸ்மித் என்ற பெயர் வெறும் பெயராக மட்டும் நின்றுவிட்டது, யாரைக் கட்டலாம், எந்தத் தெருவில் நடக்கலாம் என்று அது யாருக்கும் விதி போடவில்லை. மார்கரெட் ராபர்ட்ஸ் என்று பிறந்தவர் கல்யாணத்தால் தாட்சர் ஆனார், கூரை வேய்பவர் என்று அர்த்தம், அந்தப் பெயரோடு பிரதமராக இருந்தார், அங்கே யாரும் அதை வைத்து அவர் எந்தச் சாதி என்று கணக்குப் போடவில்லை. ஆங்கிலேயச் சமூகத்தில் ஏற்றத்தாழ்வு இல்லை என்று சொல்ல வரவில்லை, இருந்தது, இருக்கிறது, ஆனால் அது பெயரில் குடியிருக்கவில்லை. நம் சாதிப் பட்டம் அப்படிப்பட்டதல்ல. 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் அதை விட்டொழிக்கத் தீர்மானம் போட வேண்டியிருந்ததே அதனால்தான்.

இந்தப் பெயர் நம் ஊர் வரைக்கும் வந்திருக்கிறது, கட்டுரையில் அதுவும் இல்லை. கிரிக்கெட் வீரர் வாஷிங்டன் சுந்தருக்கு அமெரிக்க ஜனாதிபதியை நினைத்து யாரும் பெயர் வைக்கவில்லை. அவருடைய அப்பா சுந்தர், தான் சிறுவனாகத் திருவல்லிக்கேணியில் வறுமையில் கிரிக்கெட் ஆடிய காலத்தில், பக்கத்தில் குடியிருந்த வாஷிங்டன் என்ற ஓய்வுபெற்ற ராணுவத்தார் சீருடை வாங்கிக் கொடுத்து, பள்ளிக் கட்டணம் கட்டி, மைதானத்துக்கு சைக்கிளில் கூட்டிப்போய் உதவியதாகச் சொல்லியிருக்கிறார். 1999-ல் அந்தப் பெரியவர் காலமானார், அதே வருஷம் பிறந்த பிள்ளைக்கு அவர் பெயரை வைத்தார். வெளிநாட்டு வர்ணனையாளர்கள் 'சுந்தர்' என்பதைக் குடும்பப்பெயர் என்று நினைத்துக் கூப்பிடுகிறார்கள், அது அப்பாவின் பெயர். இங்கிலாந்தின் குடும்பப்பெயர் நம் பிள்ளைக்குச் சொந்தப் பெயர்.

மூல ஊரான வாஷிங்டனில் இருக்கும் பழைய மாளிகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது நிற்கும் கட்டடத்தில் பெரும்பகுதி 17-ஆம் நூற்றாண்டில் கட்டியது, பழைய வீட்டின் கொஞ்சம் கல்தான் உள்ளே மிச்சம் இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கக் காலத்தில் அதைப் பிரித்துப் பல ஏழைக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள், 1936-ல் குடியிருக்க லாயக்கில்லை என்று சொல்லி இடிக்கப் பார்த்தார்கள். உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் முயற்சி எடுத்துக் காப்பாற்றினார், 1955-ல் அதைத் திறந்துவைக்க அமெரிக்கத் தூதர் வந்தார். 1977-ல் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரும் அந்த ஊருக்கு வந்து மரம் நட்டார்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். இணையப் பதிப்பில் அந்தப் பத்தியைத் திருத்துங்கள், அச்சு இதழில் ஒரு சின்னத் திருத்தக் குறிப்பாவது போடுங்கள். உங்கள் ஞாயிறு இணைப்பைப் பிள்ளைகள் வெட்டி எடுத்துப் பள்ளி நோட்டில் ஒட்டுகிறார்கள், ஆசிரியராக இருந்த காலத்தில் நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இடம் கிடைத்தால் ஹாரி வாஷிங்டனைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை போடுங்கள், தமிழில் அவரைப் பற்றிப் படிக்க எனக்கு ரொம்ப ஆசை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்.